முட்டையை எண்ணுங்கள், பிரெட்டை அப்புறம் பார்க்கலாம்: முதல்முறை பாம்பே டோஸ்ட் போடுகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ வந்து வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்குக் காலை டிபன் ஒரு தொல்லை. பாக்கெட் மாவு வாங்கினால் ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் மறுநாளே பொங்கி வழிகிறது. தினமும் ஹோட்டல் இட்லி வாங்கக் கைக்காசு தாங்காது. மணலி, எண்ணூர் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீயும் பன்னுமாகவே மதியம் வரை ஓட்டிவிடுகிறார்கள். ஒற்றை பர்னர் அடுப்பும் ஒரு தோசைக்கல்லும் இருந்தால் பத்து நிமிடத்தில் சூடாக முடிகிற டிபன் ஒன்று உண்டு. மெனு கார்டு வைத்திருக்கிற கடையில் ஃப்ரெஞ்ச் டோஸ்ட் என்பார்கள், நம் வீடுகளில் பாம்பே டோஸ்ட். முட்டையும் பாலும் அடித்து, அதில் பிரெட்டை நனைத்து, கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுக்க வேண்டும். வேறு வித்தை எதுவும் இல்லை.

ஆனால் பல இடங்களில் ஒரு முட்டையை அரை டம்ளர் பாலில் கரைத்து நாலு ஸ்லைஸ் தேற்றிவிடுகிறார்கள். மேலே சர்க்கரையை அள்ளித் தூவுகிறார்கள். அப்படிப் போட்டால் தட்டில் இருப்பது மைதா, சர்க்கரை, எண்ணெய். முட்டை வெறும் வாசனைக்கு. சத்துக்காகச் சாப்பிடுகிறோம் என்றால் கணக்கை மாற்ற வேண்டும். இரண்டு ஸ்லைஸுக்கு ஒரு முட்டை, அதற்குக் கீழே இறங்கவே கூடாது. முடிந்தவர்கள் இரண்டு ஸ்லைஸுக்கு இரண்டு முட்டை போடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றித் தின்பது ரோமானியர் காலத்துச் சமையல் குறிப்பிலேயே இருக்கிறது. அதில் முட்டையைக் காணோம். அது பிறகு சேர்ந்துகொண்டது. காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் தீர்க்கிற வழியாக ஐரோப்பிய வீடுகளில் நிலைத்து, வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்தது. ரயில்வே வேலையில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த பெரம்பூர், ராயபுரம் பக்கத்துக்கு பேக்கரி ரொட்டி ஒன்றும் புதுச் சாப்பாடு கிடையாது.

வாங்கும்போது

பிரெட் நேற்று வாங்கியதாக இருக்கட்டும். இன்று சுட்ட பஞ்சுப் பிரெட்டை நனைத்தால் கையோடு கிழிந்து வரும். ஒரு நாள் ஆனால் ஈரம் குறைந்து, பாலையும் முட்டையையும் உறிஞ்சிக்கொண்டு உருக்குலையாமல் நிற்கும். பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். அதிலுள்ள மாவுச்சத்து அந்தக் குளிரில் வேகமாக இறுகுவதுதான் காரணம். சாண்ட்விச்சுக்கு அது கெடுதல், நம் வேலைக்கு வசதி. புது பிரெட் மட்டும்தான் இருக்கிறதா? ஸ்லைஸைத் தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் கால் மணி நேரம் விடுங்கள், அல்லது வெறும் கல்லில் அரை நிமிடம் புரட்டுங்கள்.

ஸ்லைஸ் போடாத முழு ரொட்டி கிடைக்கிற பேக்கரி பக்கத்தில் இருந்தால் அதுதான் உத்தமம். கட்டைவிரல் கனத்துக்கு நீங்களே நறுக்கிக்கொள்ளலாம். பாக்கெட் பிரெட்டின் மெல்லிய ஸ்லைஸ் ஒரு முட்டையைத் தாங்காது, கனமான துண்டு தாங்கும். இனிப்புப் பால் பிரெட் வேண்டாம் என்பேன். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும்.

பிரவுன் பிரெட் என்றாலே கோதுமை என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் பொருள்களை அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் பெயர் மைதாவாக இருந்து, கீழே எங்கோ கேரமல் என்று நிறமி எழுதியிருந்தால் அது சாயம் பூசிய மைதா பிரெட். முழுக் கோதுமை மாவு முதலில் இருந்தால் நம்பி வாங்கலாம். நார்ச்சத்து ஒரு ஸ்லைஸில் இரண்டு கிராம் பக்கம் கிடைக்கும். மைதா பிரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவு. பிரெட் நன்றாக உப்பி வருவதற்காகச் சேர்த்துவந்த, புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட் என்ற வேதிப்பொருளை மாவில் கலப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் தடை செய்துவிட்டது. பிரெட் சாப்பிட்டால் புற்றுநோய் என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளுக்கு அந்த வருடத்துச் சர்ச்சைதான் மூலம்.

கடற்கரை ஈரக்காற்றில் பிரெட்டுக்குச் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தாலும் அதை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைப் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். பாக்கெட்டோடு குப்பைக்குப் போகட்டும்.

முட்டைக்கு நாமக்கல் இருக்கிறவரை நமக்குக் குறை இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு. செங்குத்தாக நின்றால் பழசு, ஆனால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மிதந்தால் தூக்கிப்போடுங்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் போகப் போக உள்ளே காற்றறை பெரிதாகிறது, மிதப்பதற்கு அதுதான் காரணம். கோடையில் ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் நாலைந்து நாளுக்கு மேல் முட்டை சேர்த்து வைக்க வேண்டாம். ஓட்டில் அழுக்கு இருந்தால் உடைக்கிற நேரத்தில் கழுவினால் போதும், வாங்கி வந்ததும் கழுவி அடுக்காதீர்கள்.

பால் எந்த பாக்கெட்டானாலும் சரி. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். நீலமே போதும். மாதவரம் பால்பண்ணையிலிருந்து விடியற்காலையில் பூத்துக்கு வந்துவிடுகிறது. காலை டீக்கு வாங்குகிற பாலில் இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்தால் ஆயிற்று.

கலவை

ஒருவருக்கு அளவு: கனமான ஸ்லைஸ் இரண்டு, முட்டை ஒன்று, பால் இரண்டு டேபிள்ஸ்பூன் அதாவது 30 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்த்தூள் இருந்தால் ஒரு சிட்டிகை. இரண்டு முட்டை போடுகிறீர்கள் என்றால் பாலைக் கூட்ட வேண்டாம். அதே இரண்டு ஸ்பூன் போதும்.

முட்டையை நேராகக் கலவைப் பாத்திரத்தில் உடைக்காதீர்கள். ஒரு டம்ளரில் தனியாக உடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். முதல் முட்டையை ஊற்றிய பிறகு இரண்டாவது முட்டை கெட்டதாக வந்தால் எல்லாமே பாழ். பால் காய்ச்சியதாக இருந்தால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிதிரியாக வெந்துவிடும். முட்டையை முதலில் தனியாக அடித்து, வெள்ளைக்கரு நூல் நூலாகத் தொங்காத பதம் வந்த பிறகு பாலை ஊற்றுங்கள். வெள்ளைக்கரு சரியாகக் கலக்காமல் விட்டால் டோஸ்ட்டின் மேல் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். சாப்பிடத் தோன்றாது.

சர்க்கரையைக் கலவையில் போடலாமா? எல்லாரும் போடுகிறார்கள். நான் போடச் சொல்ல மாட்டேன். கல்லில் முதலில் கருகுவது சர்க்கரைதான்; உள்ளே பச்சையாக இருக்கும்போதே வெளியே கறுத்துவிடுவதால் வெந்துவிட்டது என்று நம்பி எடுத்துவிடுவோம். எடுத்த பிறகு ஸ்லைஸுக்கு ஒரு டீஸ்பூன் மேலே தூவினால் நாக்கில் நேராகப் படும், குறைவாகவே போதும். நாட்டுச்சர்க்கரை போட்டால் வாசனை நன்றாக இருக்கும். உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். அள்ளிப் போடலாம் என்று அதற்கு யாரும் உரிமம் கொடுக்கவில்லை.

நனைப்பது

ஆழமான கிண்ணம் வேண்டாம், அகலமான தட்டு எடுங்கள். ஸ்லைஸைப் படுக்க வைத்து, மென்மையான பிரெட் என்றால் ஒரு பக்கத்துக்குப் பத்து விநாடி, காய்ந்த பிரெட் என்றால் இருபது முப்பது விநாடி. திருப்பிப் போட்டு அதே நேரம். தூக்கும்போது விரலால் தூக்காமல் தோசைத் திருப்பியை அடியில் விட்டுத் தூக்குங்கள். நடுவில் தொய்ந்து சொதசொதவென்று தொங்கினால் அதிகம் ஊறிவிட்டது. விரலால் அழுத்தினால் நடுப்பகுதி காய்ந்தே இருக்கிறது என்றால் போதவில்லை. முதல் ஸ்லைஸ் கல்லில் இருக்கும்போது இரண்டாவதை நனைத்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறப்போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கத் தீப்பெட்டி தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது கூழ்.

இரண்டு முட்டைக் கலவையை இரண்டு ஸ்லைஸ் முழுதாகக் குடிக்காது. மிஞ்சுவதைக் கல்லில் பிரெட்டின் மேலேயே ஸ்பூனால் ஊற்றி, ஓரத்தில் வழிவதைத் திருப்பியால் உள்ளே மடித்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட் போடுகிறவர் கையைக் கவனித்தால் இது ஒரே பார்வையில் விளங்கும். சொல்லப்போனால் முட்டைக் கணக்கில் அந்த வண்டிக்காரர் நம் வீட்டுப் பாம்பே டோஸ்ட்டைவிடத் தாராளமாகவே போடுகிறார். எண்ணெயிலும் அதே தாராளம், அங்கேதான் இடிக்கிறது.

கல்லில்

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

இரும்புத் தோசைக்கல் நல்லதுதான், ஆனால் அதைச் சூடு தணிக்கத் தெரிய வேண்டும். தோசைக்கு ஏற்றுகிற சூடு இதற்கு ஆகாது. கல்லைக் காயவைத்துத் தண்ணீர் தெளியுங்கள். துளிகள் உருண்டு ஓடித் துள்ளினால் சூடு அதிகம். அடுப்பை சிம்மில் வைத்து ஒரு நிமிடம் விட்டு மறுபடி தெளியுங்கள். சுர்ரென்று சத்தம் போட்டு அதே இடத்தில் மெதுவாக வற்றினால் சரியான பதம். நேற்று வெங்காய ஊத்தப்பம் போட்ட கல்லாக இருந்தால் ஒரு துணியில் எண்ணெய் தொட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள்; இனிப்பு டோஸ்ட்டில் வெங்காய வாசனை ஏறினால் சகிக்காது. நான்ஸ்டிக் தவா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அதை வெறுமனே அதிகச் சூட்டில் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு ஸ்லைஸுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய். வெண்ணெய் வாசனை வேண்டும் என்றால் பாதி எண்ணெய், பாதி வெண்ணெய். வெண்ணெயை மட்டும் போட்டால் அதிலிருக்கிற பால்பொருள் கறுத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டும். நெய்யில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. எண்ணெயைக் கல் முழுக்க ஊற்றாமல் ஸ்லைஸ் உட்காருகிற இடத்தில் மட்டும் பரப்பினால் பிரெட் குடிக்கிற எண்ணெய் குறையும்.

ஸ்லைஸை வைத்த பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நகர்த்த வேண்டாம், அழுத்த வேண்டாம். சிம்முக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட தீயில் இரண்டரை மூன்று நிமிடம். ஓரத்தில் முட்டை வெளுத்து இறுகி, அடியில் திருப்பியை விட்டால் ஒட்டாமல் வழுக்கி வந்தால் திருப்பலாம். ஒட்டுகிறது என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். முட்டை இறுகினால் தானே விட்டுக்கொடுக்கும். சுரண்டினால் தோல் உரிந்துதான் வரும். மறுபக்கம் இரண்டு நிமிடம். கனமான ஸ்லைஸ் என்றால் அதில் ஒரு நிமிடம் தட்டு போட்டு மூடுங்கள். மேலே நிற்கிற ஆவியில் நடுப்பகுதி வெந்துவிடும்.

வெந்ததா என்று பார்க்க நடுவில் திருப்பியால் மெதுவாக அழுத்துங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நீர் கசிந்தால் வேகவில்லை. கசியாமல் மெத்தையாகத் திரும்பி எழும்பினால் எடுத்துவிடலாம். இதில் அவசரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு இருக்கிறது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அது சாகும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் நடு ஈரம் துளியும் இருக்கக்கூடாது. வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் பந்தும் பாக்ஸிங்கும் பழகுகிற தம்பிகள் சிலர் பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதை வீரமாக நினைக்கிறார்கள். தம்பி, பச்சையாகக் குடித்தால் அதன் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். கல்லில் போட்டே தின்னுங்கள்.

காரமாகப் போட்டால்

என்னைக் கேட்டால் இனிப்பைவிட இதுதான் காலை டிபன். அதே முட்டை, பால். அதில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து, பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லித் தழை, மிளகுத்தூள் கால் டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி கிடைத்தால் உருவிப் போடுங்கள், இதில் அது நன்றாகவே சேரும். வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கினால் பிரெட்டில் ஒட்டாமல் தட்டிலேயே தங்கிவிடும், ஆகவே பொடியாக. முட்டைக் கவுச்சி பிடிக்காதவர்களுக்கு மிளகும் மஞ்சளும் அதை நன்றாக அமுக்கிவிடும். இனிப்பு டோஸ்ட்டில் அதே வேலையை ஏலக்காய் செய்யும்.

தொட்டுக்கொள்ளக் கொத்தமல்லிச் சட்னி அல்லது மிச்சம் இருக்கிற தக்காளித் தொக்கு. தக்காளி சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் நாலு கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை வேண்டாமென்று காரமாகப் போட்டுவிட்டு சாஸைக் குளமாக ஊற்றினால் என்ன பிரயோஜனம்?

தட்டில் என்ன இருக்கிறது

கணக்குப் பார்ப்போம். பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் திசை மாறாது.

சாதாரண பாக்கெட் மைதா பிரெட் இரண்டு ஸ்லைஸ் சுமார் 150 கலோரி, புரதம் 5 கிராம். ஒரு முட்டை 70 கலோரி, புரதம் 6 கிராம். நீல பாக்கெட் பால் 30 மில்லி, 18 கலோரி, புரதம் ஒரு கிராம். எண்ணெய் இரண்டு டீஸ்பூன் 80 கலோரி. மேலே தூவிய சர்க்கரை இரண்டு டீஸ்பூன் 40 கலோரி. மொத்தம் 360 கலோரி பக்கம், புரதம் 12 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவுப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். அதில் கால் பங்கு காலையிலேயே முடிந்தது.

இப்போது அந்த ஒரு முட்டை நாலு ஸ்லைஸ் கணக்கைப் பாருங்கள். இரண்டு ஸ்லைஸுக்கு வருவது அரை முட்டை. கலோரி 335, புரதம் ஒன்பது பத்து கிராம். அதில் பாதிக்கு மேல் மைதாவின் புரதம். சர்க்கரையை விட்டுவிட்டு இரண்டு முட்டையில் காரமாகப் போட்டால் 390 கலோரி, புரதம் 18 கிராம். ஐம்பத்தைந்து கலோரி கூடுதலுக்குப் புரதம் இரண்டு மடங்கு. ஆரம்பத்திலிருந்து முட்டையை எண்ணச் சொன்னது இதனால்தான். தரத்திலும் வித்தியாசம் இருக்கிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, முட்டையிலும் பாலிலும் அது நிறைய. மூன்றும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டுகிறது. முட்டையின் மஞ்சள்கருவில் பி12, வைட்டமின் ஏ, கொஞ்சம் வைட்டமின் டி, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின் எல்லாம் இருக்கின்றன. வெள்ளைக்கருவை மட்டும் போட்டுச் செய்கிறவர்கள் இவற்றை மொத்தமாக இழக்கிறார்கள்.

மஞ்சள்கரு கொலஸ்ட்ரால் ஆயிற்றே என்பீர்கள். ஒரு முட்டையில் 185 மில்லிகிராம் அளவுக்கு இருப்பது உண்மை. ஆரோக்கியமாக இருப்பவர் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடுவதில் தவறில்லை என்பதுதான் இன்று பரவலான மருத்துவக் கருத்து. சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்கிற எண்ணிக்கைக்குள் இந்த டோஸ்ட்டின் முட்டையும் அடக்கம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நார்ச்சத்து அநேகமாக இல்லை. மைதா பிரெட்டில் செய்தால் முழுத் தட்டுக்கும் ஒன்றரை கிராம் தேறினால் அதிகம். நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைட்டமின் சி முட்டையிலும் கிடையாது, பிரெட்டிலும் கிடையாது. இந்த இரண்டிலும் இட்லி சாம்பார் இதை ஜெயித்துவிடும். பருப்பும் காயும் உள்ள சாம்பார் என்றால் மட்டும். ஆகவே தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும் என்பது என் கட்சி. சாப்பிடுகிற நாளில் கூட ஒரு கொய்யாப்பழம் வையுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஒரு நாள் தேவைக்கு மேலேயே. கொய்யா கிடைக்காத காலத்தில் வாழைப்பழம், அல்லது சுண்டல் ஒரு கிண்ணம்.

டீ விஷயம். டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டே டீ குடித்தால், முட்டையிலும் கீரையிலும் உள்ள கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தை டீயின் துவர்ப்புப் பொருள் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. வடசென்னையில் இதை யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும். ரத்தசோகை இருக்கிறவர்களாவது கேளுங்கள்.

சர்க்கரை அளவுக்கும் ஒரு கோடு உண்டு. தேனும் சேர்த்து, சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று வேளை டீயிலேயே அது தீர்ந்துபோகிற ஊர் இது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்த டோஸ்ட்டை ஊட்டினால் சர்க்கரை, உப்பு இரண்டும் வேண்டாம்; தேன் கண்டிப்பாகக் கூடாது, ஆபத்து.

முட்டை சேராதவர்களுக்கு

சௌகார்பேட்டைப் பக்கத்து மார்வாடி, குஜராத்தி வீடுகளில் முட்டை இல்லாமலே பிரெட்டைக் கடலைமாவில் தோய்த்துப் போடுகிறார்கள். இரண்டு ஸ்லைஸுக்கு 30 கிராம் கடலைமாவு, அதாவது மூன்று டேபிள்ஸ்பூன் பக்கம். ஓமம், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, தோசைமாவைவிடக் கொஞ்சம் தளர்வாக வரும்வரை தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்துப் பத்து நிமிடம் வைத்திருந்து, பிரெட்டை ஊறவிடாமல் இரண்டு பக்கமும் தோய்த்து உடனே கல்லில் போட வேண்டும். கடலைமாவு பச்சை வாசனை போக முட்டையைவிட நேரம் எடுக்கும். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் கொடுங்கள். புரதம் ஆறு கிராமுக்கு மேல், ஏறக்குறைய ஒரு முட்டைக்குச் சமம். கூடவே மூன்று கிராம் நார்ச்சத்து, அது முட்டையில் கிடையாது. பி12 மட்டும் கிடைக்காது. அதைப் பாலிலோ தயிரிலோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

டப்பாவில் கட்டலாமா

முடிந்தவரை வேண்டாம். சூட்டோடு டிபன் பாக்ஸில் மூடினால் ஆவி இறங்கி நமத்துவிடும். சுவையாவது போகட்டும், முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம் சென்னை வெயிலில் சீக்கிரம் கெடும். கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காலை ஆறு மணிக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பத்து மணிக்குத் திறக்கிற டப்பாவுக்கு இது ஒத்துவராது. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்து முதல் இடைவேளையில் பிள்ளை தின்றுவிடும் என்றால், கம்பி வலைத் தட்டில் ஆறவைத்து, நாலு துண்டாக நறுக்கிக் கட்டிக் கொடுக்கலாம். அதுவும் காரம் போட்டது. இனிப்பு டோஸ்ட் ஆறினால் ரப்பராகிவிடும்.

மிஞ்சிய கலவையைச் சாயங்காலத்துக்கு என்று மூடி வைக்காதீர்கள். ஒரு ஸ்பூன் இருந்தாலும் அதே கல்லில் ஊற்றி ஆம்லெட்டாகத் தின்றுவிடுங்கள். கலவை இருந்த தட்டை உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் முட்டை தட்டிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எத்தனை சபீனா போட்டாலும் அந்தக் கவுச்சி போகாது.